கெமிக்கல் டெஸ்ட் சரியாக இருந்தும் பி91 குழாய்க்கு வயதாவது எப்படி?

கேள்வி இதுதான்: பாய்லரில் பி91 (அதிக சூட்டுக்கான குரோமியம்-மாலிப்டினம் எஃகு) நீராவிக் குழாய் ஒரு லட்சம் மணி நேரம் ஓடி முடித்துவிட்டது, கெமிக்கல் டெஸ்ட் எடுத்தால் புதுக் குழாய்க்கும் இதற்கும் வித்தியாசமே தெரியவில்லை, ஹார்ட்னஸ் (கடினத்தன்மை) 10, 15 புள்ளி இறங்கியிருக்கிறது, வெளியே விரிசலும் இல்லை. அப்புறம் எதை வைத்து ஆயுள் குறைந்துவிட்டது என்கிறார்கள்?

சுருக்கமான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். பி91-இன் பலத்தில் பெரும்பகுதி, அதில் கலந்திருப்பவை உள்ளே எந்த இடத்தில், எவ்வளவு சின்னதாக, எவ்வளவு நெருக்கமாக உட்கார்ந்திருக்கின்றன என்பதில்தான் இருக்கிறது. கெமிக்கல் டெஸ்ட் மொத்தக் கணக்கைத்தான் சொல்லும். அதே மாலிப்டினமும் அதே நைட்ரஜனும் உள்ளே இடம் மாறி உட்கார்ந்தாலும் அந்த ரிப்போர்ட்டில் ஒரு எண்கூட மாறாது. ஹார்ட்னஸ் ஓரளவு காட்டும், ஆனால் தாமதமாகக் காட்டும், சில சமயம் தவறான இடத்தில் காட்டும். விரிவாகப் பார்த்தால்தான் இது ஏன் என்று புரியும்.

பி91 என்பது 1970-களில் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகத்தில் மெருகேற்றிய எஃகு. பழைய 9 குரோமியம்-1 மாலிப்டினம் எஃகில் கொஞ்சம் வனேடியம் (0.2 சதவீதம்), அதைவிடக் குறைவாக நயோபியம் (0.08), நைட்ரஜன் (0.05) சேர்த்தார்கள். கார்பன் 0.1 சதவீதம் அளவில் நிற்கும். இதை 1040 முதல் 1080 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கி, காற்றில் ஆறவிட்டால் மார்ட்டன்சைட் என்ற கடினமான அமைப்பு உருவாகும், அப்புறம் 760 டிகிரி வாக்கில் டெம்பர் செய்வார்கள், அதாவது மறுபடி மிதமாகச் சூடாக்கிப் பதப்படுத்துவார்கள். இந்த இரண்டு படிகளும் சரியாக நடந்தால்தான் அது பி91. கலவை மட்டும் சரியாக இருந்து ஹீட் ட்ரீட்மென்ட் பிசகினால், மில் சர்ட்டிஃபிகேட்டில் பி91 என்று இருக்கும், உள்ளே சாதாரண ஃபெரைட் என்ற மென்மையான அமைப்பு இருக்கும். உலகம் முழுக்க பி91 குழாய்கள் சீக்கிரமே உடைந்த சம்பவங்களில் கணிசமானவை முதல் நாளே இப்படிக் கெட்டுப்போனவைதான், அவற்றுக்கு வயதாகவே நேரம் கிடைக்கவில்லை.

சரியாகச் செய்த பி91-ஐ எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால் மூன்று தடைகள் தெரியும். முதலாவது, அரை மைக்ரானுக்கும் குறைந்த அகலமுள்ள மெல்லிய பட்டைகள், இவற்றை லாத் என்பார்கள், உள்ளே டிஸ்லொகேஷன்கள் (அணு அடுக்கில் உள்ள கோடு போன்ற பிசகுகள், இவை நகர்ந்தால்தான் உலோகம் நெளியும்) அடர்ந்து கிடக்கும். இரண்டாவது, இந்தப் பட்டைகளின் எல்லையிலும் பழைய ஆஸ்டெனைட் கிரெய்ன்களின் (முதலில் சூடாக்கியபோது இருந்த படிகத் துணுக்குகளின்) எல்லையிலும் வரிசையாக உட்கார்ந்திருக்கும் குரோமியம் கார்பைடுகள், எம்23சி6 வகை, 100 முதல் 200 நானோமீட்டர். இவை எல்லைகளை நகரவிடாமல் பிடித்துக்கொள்கின்றன. மூன்றாவது, பட்டைகளுக்குள்ளே தூவிக் கிடக்கும் வனேடியம், நயோபியம் கார்போநைட்ரைடுகள். எம்எக்ஸ் என்று எழுதுவார்கள், 20 முதல் 50 நானோமீட்டர்தான். டிஸ்லொகேஷன் நகர முயன்றால் இவற்றில் முட்டி நிற்கும். இது போக, மாலிப்டினம் இரும்போடு கரைந்து கிடந்து கொஞ்சம் பலம் தருகிறது. 600 டிகிரியில், ஒரு லட்சம் மணி நேரத்தில் உடைக்கத் தேவையான இழுவிசை இந்த எஃகுக்குச் சுமார் 90 மெகாபாஸ்கல். மேலே சொன்ன தடைகள் இல்லாத எஃகு அந்தச் சூட்டில் இதைத் தாங்காது.

இந்த ஏற்பாடு எதுவுமே சமநிலை கிடையாது என்பதுதான் விஷயத்தின் வேர். டெம்பர் செய்து ஆறவிட்ட நிலையில் அணுக்கள் அவற்றுக்குப் பிடித்த இடத்தில் இல்லை. அறை வெப்பநிலையில் நகர முடியாததால் அப்படியே இருக்கின்றன. 550, 600 டிகிரியில் குரோமியமும் மாலிப்டினமும் நகரும், மெதுவாக, ஆனால் நிற்காமல். வருடக்கணக்கில் விட்டால் அந்த அமைப்பு தன் சமநிலையை நோக்கிப் போய்க்கொண்டே இருக்கும்.

முதல் மாற்றம் துகள்கள் பெருப்பது. ஃப்ரீசரில் மாதக்கணக்கில் கிடந்த ஐஸ்கிரீம் நறநறவென்று ஆகிவிடும், பார்த்திருப்பீர்கள். சின்னப் பனித்துகள்கள் கரைந்து, பெரிய துகள்கள் மேலும் பெரிதாகின்றன. கார்பைடுகளிலும் அதேதான் நடக்கிறது. சின்னத் துகளுக்கு அதன் பருமனோடு ஒப்பிட்டால் மேற்பரப்பு அதிகம், அதனால் அது சுலபமாகக் கரையும். கரைந்த அணுக்கள் போய் பெரிய துகளில் ஒட்டும். 1961-இல் லிஃப்ஷிட்ஸ், ஸ்லியோசோவ் இருவரும், அவர்களிடமிருந்து தனியாக வாக்னரும் இதற்குக் கணக்கு போட்டார்கள்: ஆரத்தின் கனம், அதாவது ஆரத்தை மூன்று முறை பெருக்கினால் வருவது, நேரத்துக்கு நேர்விகிதத்தில் வளரும். இதை ஒருமுறை போட்டுப் பாருங்கள். துகள்களின் மொத்தக் கன அளவு மாறாமல் ஆரம் இரண்டு மடங்கானால், எண்ணிக்கை எட்டில் ஒன்றாகிவிடும். துகள்களுக்கு நடுவில் உள்ள இடைவெளி இரண்டு மடங்காகும். துகள்களைச் சுற்றி வளைந்து போக டிஸ்லொகேஷனுக்குத் தேவையான விசை அந்த இடைவெளிக்கு எதிர்விகிதம் என்பதால், அது பாதியாகிவிடும். இத்தனை நடந்தும் குழாயில் குரோமியத்தின் சதவீதம் அதேதான்.

எம்23சி6 பெருக்கும்போது வேறொரு கெடுதலும் சேர்ந்து வருகிறது. லாத் எல்லைகளைப் பிடித்துக்கொண்டிருந்தவை இவைதானே, எண்ணிக்கை குறைந்ததும் பிடி தளரும். பக்கத்துப் பக்கத்துப் பட்டைகள் சேர்ந்து அகலமாகும், உள்ளே டிஸ்லொகேஷன் அடர்த்தி குறையும், கடைசியில் பட்டை என்ற அமைப்பே போய் உருண்டையான துணை கிரெய்ன்களாகிவிடும். மூன்று தடைகளில் இரண்டு இப்படிச் சேர்ந்தே சரிகின்றன. எம்எக்ஸ் துகள்கள் மட்டும் நல்ல பிள்ளைகள், அவை எளிதில் பெருக்காது. வனேடியமும் நயோபியமும் அளவில் குறைவு, எஃகில் கரைவதும் குறைவு. அதனால்தான் நீண்ட நாள் பலத்துக்கு எல்லோரும் அவற்றை நம்பினார்கள்.

அடுத்தது லாவஸ் ஃபேஸ் (ஃபேஸ் என்பது தனிக் கலவையும் தனிப் படிக அமைப்பும் கொண்ட பகுதி). டெம்பர் முடிந்தபோது இது இருக்கவே இருக்காது, ஓட ஓடப் புதிதாக முளைக்கும். பி91-இல் இது இரும்பு-மாலிப்டினம் சேர்மம், டங்ஸ்டன் அதிகமுள்ள பி92-இல் இரும்பு-டங்ஸ்டன். முளைத்த புதிதில் சின்னத் துகளாக இருந்து கொஞ்சம் பலம்கூடத் தரும். சோதனைக்கூடத்தில் சில ஆயிரம் மணி நேரம் மட்டும் பார்த்தவர்களுக்கு இது நல்ல செய்தியாகவே தெரிந்திருக்கும். ஆனால் கரைசலில் பலம் தந்துகொண்டிருந்த மாலிப்டினத்தையும் டங்ஸ்டனையும் உறிஞ்சித்தான் இது வளர்கிறது. எல்லைகளில் அரை மைக்ரான், ஒரு மைக்ரான் என்று பெருத்துவிட்டால் அது பலம் தருவது நின்றுவிடும். அப்புறம் அந்தப் பெரிய துகளுக்கும் சுற்றியுள்ள உலோகத்துக்கும் நடுவில் க்ரீப் (சூட்டில் தொடர்ந்து இழுவிசை இருந்தால் உலோகம் மெல்ல மெல்ல நீள்வது) குழிகள் தொடங்க வசதியான இடமாகிவிடும். பி92-இல் இந்தத் தொல்லை பி91-ஐவிட அதிகம்.

மூன்றாவது மாற்றம்தான் இந்தத் துறைக்கே பெரிய அடியைக் கொடுத்தது. இசட் ஃபேஸ் என்று பெயர். குரோமியம், வனேடியம், நயோபியம், நைட்ரஜன் சேர்ந்த நைட்ரைடு. நல்ல பிள்ளைகள் என்று சொன்னேனே எம்எக்ஸ், அவற்றுக்குள் குரோமியம் மெல்ல ஊறிப் போய் அவை இசட் ஃபேஸாக மாறுகின்றன. பிறந்தபின் அது சின்னதாக இருப்பதில்லை. சில பெரிய இசட் துகள்கள் வளர, சுற்றிலும் இருந்த ஆயிரக்கணக்கான எம்எக்ஸ் துகள்கள் கரைந்து காணாமல் போகும். 9 சதவீத குரோமியத்தில் இது மிக மெதுவாக நடக்கும், 600 டிகிரியில் ஒரு லட்சம் மணி நேரத்திலும் சிறிதளவுதான். 11, 12 சதவீத குரோமியத்தில் வேகமாக நடக்கும். நீராவிப் பக்கத்து ஆக்சிஜனேற்றத்தைத் தாங்க வேண்டும் என்று 1990-களில் குரோமியத்தை ஏற்றிப் புதிய எஃகுகள் செய்தார்கள். முதல் சில ஆயிரம் மணி நேரச் சோதனைகளில் அவை அற்புதமாக நின்றன. 10,000 மணி நேரம் தாண்டியதும் வளைகோடு திடீரென்று கீழே இறங்கியது. காரணம் தேடிப்போனபோது எம்எக்ஸ் இருந்த இடத்தில் இசட் ஃபேஸ் இருந்தது. டென்மார்க்கின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஹால்ட், டேனியல்சன் இருவரும் இதன் வேகத்துக்கும் குரோமிய அளவுக்கும் உள்ள தொடர்பைத் தெளிவாக்கினார்கள்.

இதில் நாம் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. ஒரு லட்சம் மணி நேரம் என்பது இடைவிடாமல் ஓடினாலே 11 வருடத்துக்கு மேல். யாரும் அவ்வளவு நாள் சோதித்துவிட்டு எஃகை விற்பதில்லை. அதிக விசையிலோ அதிக சூட்டிலோ சில ஆயிரம் மணி நேரம் பார்த்துவிட்டு, கோட்டை நீட்டி, ஒரு லட்சத்தில் இவ்வளவு தாங்கும் என்று மதிப்பிடுகிறார்கள். நுண்ணமைப்பு அதே மாதிரி இருந்தால் அந்தக் கோடு நேராகப் போகும். 20,000 மணி நேரத்தில் ஒரு புது ஃபேஸ் முளைத்தால், 5,000 மணி நேரச் சோதனைக்கு அது தெரியவே தெரியாது. பி91, பி92 இரண்டின் நீண்ட நாள் பல மதிப்புகளும் புதிய சோதனைகள் வந்து சேரச் சேரத் திருத்தப்பட்டுக் குறைந்துகொண்டே வந்ததற்கு இதுதான் காரணம். உங்கள் குழாயின் வடிவமைப்புக் கணக்கு எந்த வருடத்து மதிப்பை வைத்துப் போட்டது என்று ஒருமுறை பாருங்கள்.

இப்போது வெப்பநிலை. 1952-இல் லார்சன், மில்லர் இருவரும் தந்த ஒரு அளவுகோல் இன்னும் எல்லா இடத்திலும் புழங்குகிறது: கெல்வினில் உள்ள வெப்பநிலையை, ஒரு மாறிலியோடு மணி நேரத்தின் மடக்கையைக் கூட்டி வரும் எண்ணால் பெருக்குங்கள். மாறிலி பொதுவாக 20. 600 டிகிரி என்றால் 873 கெல்வின், ஒரு லட்சம் மணி நேரத்தின் மடக்கை 5, பெருக்கினால் 21,825. இதே விசையில் 610 டிகிரியில் எவ்வளவு நாள் தாங்கும்? 21,825-ஐ 883-ஆல் வகுத்து 20-ஐக் கழித்தால் 4.72, அதாவது சுமார் 52,000 மணி நேரம். 620-இல் 27,000-த்தைச் சற்று தாண்டும். பத்து டிகிரிக்கு ஆயுள் பாதி. பி91-க்கு 30 வாக்கில் உள்ள மாறிலிதான் பொருந்தும் என்பவர்கள் உண்டு, அதை வைத்துப் போட்டால் 610-இல் சுமார் 40,000-க்கு வந்துவிடும், இன்னும் மோசம். கண்ட்ரோல் ரூமில் 10 டிகிரி ஏறியதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை, உள்ளே இருக்கும் கார்பைடு எடுத்துக்கொள்கிறது.

அதிலும் சூப்பர்ஹீட்டர் (நீராவியை மேலும் சூடாக்கும் பகுதி) டியூப்களில் ஒரு சுழல் இருக்கிறது. உள்பக்கம் நீராவியால் ஆக்சைடு படலம் வளரும், அது வெப்பத்தை எளிதில் கடத்தாது, அதனால் டியூபின் உலோகச் சூடு வருடா வருடம் கொஞ்சம் ஏறும், ஏறிய சூட்டில் ஆக்சைடு இன்னும் வேகமாக வளரும், நுண்ணமைப்பும் இன்னும் வேகமாக மாறும். நீராவி வெப்பநிலை மீட்டரில் எதுவும் தெரியாது. அதனால்தான் அனுபவமுள்ளவர்கள் டியூபை வெட்டி எடுத்ததும் முதலில் ஆக்சைடின் தடிமனை அளக்கிறார்கள். அந்த டியூப் உண்மையில் எவ்வளவு சூட்டில் ஓடியது என்பதை அதிலிருந்து திருப்பிக் கணக்கிடலாம்.

ஹார்ட்னஸ் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பி91-க்கு பிரினெல் அளவில் 190 முதல் 250 வரை இருக்க வேண்டும் என்பார்கள். 170-க்குக் கீழே போனால் கவலைப்பட வேண்டியதுதான், பெரும்பாலும் அது ஹீட் ட்ரீட்மென்ட் கோளாறு. ஆனால் 200 காட்டினால் நிம்மதி என்று சொல்ல முடியாது. க்ரீப் சோதனையில் உடைந்த ஒரு மாதிரியை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு முனைகளும் பிடிக்குள் இருந்தவை, அவை சூட்டை மட்டும் அனுபவித்தன. நடுப்பகுதி சூட்டோடு இழுவிசையையும் சேர்த்து அனுபவித்தது. இரண்டு இடத்திலும் ஹார்ட்னஸ் எடுத்தால் முனையில் கொஞ்சம்தான் குறைந்திருக்கும், நடுவில் நன்றாகக் குறைந்திருக்கும். ஒரே சூடு, ஒரே மணி நேரம்தான், ஆனால் உலோகம் நீள நீள லாத் பட்டைகள் அகலமாவதும் டிஸ்லொகேஷன்கள் அழிவதும் வேகம் பிடிக்கின்றன. ஆகவே குழாயின் விசை குறைந்த நேர்ப்பகுதியில் எடுத்த ஹார்ட்னஸை வைத்து, வளைவிலோ கிளைக்குழாய் சேரும் இடத்திலோ என்ன நடக்கிறது என்று முடிவு செய்ய முடியாது. இன்னொரு நடைமுறைச் சிக்கல், வெளிப்பரப்பில் கார்பன் வெளியேறிய மெல்லிய அடுக்கு இருக்கும். அதைத் தேய்த்து எடுக்காமல் கையடக்கக் கருவியை வைத்தால் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும், வீண் பதற்றம்தான் மிச்சம்.

உண்மையில் பி91 குழாய் உடைகிற இடம் வெல்டிங் பக்கத்தில். வெல்ட் உலோகத்தில் இல்லை, அதை ஒட்டிய சூடுபட்ட பகுதியின் வெளி விளிம்பில். வெல்டிங்கின்போது அந்த இடம் ஆஸ்டெனைட் தொடங்கும் வெப்பநிலையை எட்டியிருக்கும், அல்லது சற்றே தாண்டியிருக்கும். பழைய கார்பைடுகள் முழுதாகக் கரையாது, புதிய கிரெய்ன்கள் சில மைக்ரான் அளவில் பொடிப்பொடியாக உருவாகும், லாத் அமைப்பு சரியாக அமையாது. எல்லைகளில் ஒழுங்காகக் கார்பைடு உட்காராததால் அந்த எல்லைகளைப் பிடிக்க ஆளில்லை. மற்ற இடங்களில் பத்து வருடத்தில் நடக்கும் முதுமை இங்கே சீக்கிரம் நடக்கிறது, சில மில்லிமீட்டர் அகலமுள்ள மெலிந்த பட்டையாக. இரண்டு பக்கமும் வலுவான உலோகம் அதை நெருக்குவதால் உள்ளே மும்முக இழுவிசை உருவாகிக் குழிகள் வளரும். இதைத்தான் டைப் 4 விரிசல் என்கிறார்கள். அடிப்படை உலோகத்துக்குக் கணக்குப் போட்டு வைத்த ஆயுளில் ஒரு பகுதியிலேயே இது வந்துவிடும்.

இங்கேதான் ரெப்ளிகா பற்றிச் சொல்ல வேண்டும், ரொம்பப் பேர் ரெப்ளிகா ரிப்போர்ட்டைக் கடவுள் வாக்காக எடுத்துக்கொள்கிறார்கள். வேலை இப்படி: குழாயின் மேல் ஒரு சின்ன இடத்தைத் தேய்த்து, படிப்படியாக நைஸ் பேப்பரில் இழைத்து, வைரப் பசையில் கண்ணாடி மாதிரி மெருகேற்றி, பிக்ரிக் அமிலமும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் கலந்த வில்லெல்லா கரைசலைத் தடவுவார்கள். எல்லைகள் அரிக்கப்பட்டு மேடு பள்ளமாகத் தெரியும். அசிட்டோனில் நனைத்த செல்லுலோஸ் அசிட்டேட் பிலிமை மேலே ஒட்டி, காய்ந்ததும் உரித்து எடுத்தால் அந்த மேடுபள்ளம் பிலிமில் பதிந்திருக்கும். அதை நுண்ணோக்கியில் பார்த்து, தனிக்குழிகள், வரிசைப்பட்ட குழிகள், நுண்விரிசல், பெருவிரிசல் என்று தரம் பிரிப்பார்கள். நொய்பவரும் வேடலும் 1983-இல் கொடுத்த வகைப்பாடு இதற்கு அடிப்படை.

அந்த வகைப்பாடு பழைய குறைந்த கலவை எஃகுகளின் அனுபவத்திலிருந்து வந்தது. பி91-இல் அதை அப்படியே பொருத்தும்போது இரண்டு இடத்தில் அடிபடும். ஒன்று, கரைசலை அதிகம் தடவிவிட்டால் கார்பைடு பெயர்ந்து விழுந்த இடமும் குழி மாதிரியே தெரியும். நிதானமாக மெருகு-அரிப்பு-மெருகு என்று திரும்பத் திரும்பச் செய்தால்தான் எது உண்மைக் குழி என்று பிரிக்க முடியும், ஷட்டவுன் நேரத்து அவசரத்தில் அதைச் செய்கிறவர்கள் குறைவு. இரண்டாவது இதைவிட முக்கியம்: தடித்த குழாய்களில் டைப் 4 குழிகள் மேற்பரப்புக்குக் கீழேதான் அதிகமாக இருக்கும், மும்முக இழுவிசை அங்கேதான் அதிகம். மேற்பரப்பில் எடுத்த ரெப்ளிகா சுத்தமாக இருக்க, சில மில்லிமீட்டர் கீழே விரிசல் ஓடிக்கொண்டிருக்கலாம். அதனால் பி91 வெல்டுகளுக்கு ரெப்ளிகாவோடு ஃபேஸ்டு அரே அல்ட்ராசோனிக் (ஒலி அலையால் உள்ளே பார்க்கும் சோதனை) சேர்த்தே கேளுங்கள்.

இதெல்லாம் வெறும் தாள் கணக்கு என்று நினைப்பவர்களுக்கு இரண்டு பழைய சம்பவங்கள் போதும். 1943-இல் பென்சில்வேனியாவின் ஸ்பிரிங்டேல் மின்நிலையத்தில் கார்பன்-மாலிப்டினம் நீராவிக் குழாய் வெல்ட் பக்கத்தில் உடைந்தது. எஃகில் இருந்த கார்பைடு சிதைந்து, கார்பன் கிராஃபைட்டாகச் சங்கிலி போல் கோத்துக்கொண்டிருந்தது. 1985-இல் நெவாடாவின் மொஹாவி மின்நிலையத்தில் நீளவாக்கில் வெல்ட் செய்த ரீஹீட் குழாய் வெடித்து ஆறு பேர் இறந்தார்கள். அங்கும் பல வருட க்ரீப் சேதம் வெல்டை ஒட்டியே சேர்ந்திருந்தது.

நிக்கல் கலவைகளில் கதை வேறு மாதிரி. அங்கே முதுமையை நாமே தொடங்கி வைக்கிறோம். இன்கோனல் 718-ஐ 720 டிகிரியில் 8 மணி நேரம், அப்புறம் 620-இல் 8 மணி நேரம் வைத்தால் காமா டபுள் பிரைம் என்ற நிக்கல்-நயோபியம் துகள் மிக நுண்ணியதாகப் படியும், அதுதான் அதன் பலம். ஆனால் அந்தத் துகளே தற்காலிகமானது. 650 டிகிரிக்கு மேல் நீண்ட நாள் ஓட்டினால் அது பெருத்து, அதே கலவையுள்ள டெல்டா என்ற வேறு படிக அமைப்பாக மாறும். டெல்டா தட்டுத்தட்டாக வளரும், பலம் தராது. 718-ஐ 650-க்கு மேல் நம்பாதே என்று சொல்வதன் பின்னணி இதுதான். உருகுநிலைக்கு இன்னும் எவ்வளவோ தூரம் இருக்கிறது, அதைக் கட்டிப்போடுவது துகளின் நிலைத்தன்மைதான்.

ஜெட் என்ஜின் பிளேடுகளுக்கான ஒற்றைப் படிகக் கலவைகளில் காமா பிரைம் என்ற நிக்கல்-அலுமினியக் கனசதுரங்கள் சுமார் 70 சதவீதக் கன அளவை அடைத்துக்கொண்டு, அரை மைக்ரான் பக்கத்தில் வரிசையாக அடுக்கியிருக்கும், பார்க்கவே அவ்வளவு அழகு. 1000 டிகிரிக்கு மேல் இழுவிசையோடு ஓட்டினால் அந்தக் கனசதுரங்கள் பக்கவாட்டில் ஒன்றோடொன்று சேர்ந்து, இழுவிசைக்குச் செங்குத்தான தட்டுகளாகும். ராஃப்டிங் என்பது இது. இரண்டு ஃபேஸுக்கும் படிக இடைவெளியில் உள்ள சின்ன வித்தியாசமும் இழுவிசையும் சேர்ந்துதான் திசையைத் தீர்மானிக்கின்றன. பலம் கூட்ட ரீனியம் சேர்த்தார்கள், இரண்டாம் தலைமுறையில் 3 சதவீதம், மூன்றாம் தலைமுறையில் 6 சதவீதம் பக்கம். ஆனால் ரீனியமும் டங்ஸ்டனும் கூடினால் வருடக்கணக்கில் ஊசி ஊசியாக வேண்டாத ஃபேஸ்கள் முளைக்கின்றன, அவை வலு தரும் தனிமங்களை உறிஞ்சி விரிசலுக்கு வழி போடும். அதை அடக்க அடுத்த தலைமுறையில் ருத்தேனியம் சேர்க்க வேண்டி வந்தது.

உரத் தொழிற்சாலை, ரிஃபைனரி ரிஃபார்மர் டியூப்களில் வேலை செய்கிறவர்கள் இதைப் படித்தால் ஒரு எச்சரிக்கை. 25 குரோமியம்-35 நிக்கல்-நயோபியம் வார்ப்பு டியூப்கள் 900 டிகிரி பக்கத்தில் வருடக்கணக்கில் ஓடியபின் கார்பைடுகள் பெருத்து, நயோபியம் கார்பைடில் ஒரு பகுதி நிக்கல்-நயோபியம்-சிலிக்கான் சேர்மமாக மாறியிருக்கும். சூட்டில் அது நெகிழ்ந்து கொடுக்கும், குளிர்ந்தபின் கண்ணாடி மாதிரி. துருப்பிடிக்காத எஃகுகளில் சிக்மா ஃபேஸும் இப்படித்தான், ஓடும்போது சத்தமே இருக்காது, ஷட்டவுனில் சுத்தியல் பட்டால் பிளக்கும். பழைய டியூபை அப்படியே புதியதோடு வெல்ட் செய்யாதீர்கள், முனையை 1100 டிகிரிக்கு மேல் சூடாக்கித் துகள்களைக் கரைத்துவிட்டு வெல்ட் செய்வதுதான் வழி.

முதுமையைத் திருப்ப முடியுமா என்று கேட்பீர்கள். தொழில்துறை டர்பைன் பிளேடுகளுக்கு ஓரளவு முடியும். சூட்டோடு வாயு அழுத்தத்தில் வைத்து உள்குழிகளை மூடி, மறுபடி கரைத்து, மறுபடி காமா பிரைமைப் படியவைக்கிறார்கள். நின்ற இடத்தில் உள்ள பி91 குழாய்க்கு அது நடைமுறையில் இல்லை. ஆகவே புது எஃகிலேயே அதைத் தடுப்பதில்தான் ஆராய்ச்சி போயிருக்கிறது. ஜப்பானில் ஃபுஜியோ அபே குழு, மில்லியனுக்கு 100 பங்கு சொச்சம் போரான் சேர்த்தால் அது எம்23சி6-க்குள் புகுந்து அது பெருப்பதைத் தடுக்கிறது, வெல்ட் பக்கத்து மெலிவும் குறைகிறது என்று காட்டினார்கள். நைட்ரஜனை மட்டும் அளவோடு வைக்க வேண்டும், கூடினால் போரான் நைட்ரைடாக வீணாகிவிடும். எனக்கு மிகவும் பிடித்தது டென்மார்க் குழுவின் யோசனை: இசட் ஃபேஸ் எப்படியும் வரப்போகிறது என்றால், டான்டலம் சேர்த்து அதை முதலிலேயே நுண்ணிய துகளாக வரவைத்து அதையே தடையாகப் பயன்படுத்தலாமே என்றார்கள். எதிரிக்கு இனி மாறிப்போக வேறு நிலை இல்லை என்பதுதான் அதன் பலம்.

நம் ஊரில் இந்த எஃகு இருக்கும் முக்கியமான இடம் கல்பாக்கம். 500 மெகாவாட் வேகப் பெருக்க அணுஉலையின் நீராவி ஜெனரேட்டர்கள் மாற்றியமைத்த 9 குரோமியம்-1 மாலிப்டினம் எஃகில்தான் செய்யப்பட்டிருக்கின்றன. உலையின் சூட்டைக் கொண்டுவரும் திரவ சோடியம் 525 டிகிரியில் உள்ளே வரும். 600-ஐவிட அது எவ்வளவோ மிதமானது, ஆனால் 40 வருட ஆயுள் என்பது இரண்டு லட்சம் மணி நேரத்துக்கு மேல், அதனால்தான் அங்கே இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில் இந்த எஃகின் க்ரீப் பற்றி அவ்வளவு காலமாக வேலை நடந்திருக்கிறது.

சரி, உங்கள் குழாய்க்கு வருகிறேன். இந்தியன் பாய்லர் ரெகுலேஷன்ஸ் 391ஏ, 400 டிகிரிக்கு மேல் ஓடும் பாகங்களுக்கு ஒரு லட்சம் மணி நேரத்தில் மிச்ச ஆயுளை மதிப்பிடச் சொல்கிறது, அதனால் சோதனை எப்படியும் நடக்கும். அதைச் சடங்காகச் செய்யாமல் இருக்க, முதலில் வெப்பநிலைப் பதிவுகளைக் கேளுங்கள், சராசரி வேண்டாம், வடிவமைப்பு அளவைத் தாண்டிய மணி நேரம் எத்தனை என்று தனியாக. அப்புறம் வளைவு, ஹெடர், கிளை, வெல்ட் இவற்றின் சூடுபட்ட பகுதிகளில் மேலடுக்கைத் தேய்த்தபின் ஹார்ட்னஸ், கூடவே முதல் நாள் மதிப்பு. ரெப்ளிகாவில் குழிகளின் எண்ணிக்கையைத் தவிர லாத் அமைப்பு இன்னும் தெரிகிறதா, எல்லையில் துகள்கள் எவ்வளவு பெருத்திருக்கின்றன என்பதையும் எழுதச் சொல்லுங்கள். வெல்டுகளில் உள்பக்க அல்ட்ராசோனிக் கட்டாயம். வாய்ப்பிருந்தால் விசை அதிகமுள்ள ஒரு இடத்திலிருந்து சின்ன மாதிரி வெட்டி எடுத்து, எலக்ட்ரான் நுண்ணோக்கியில் லாவஸ், இசட் ஃபேஸ் இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள், அதே மாதிரியில் ஸ்மால் பஞ்ச் க்ரீப் சோதனையும் (சின்ன வில்லையைச் சூட்டில் குத்தி அழுத்திப் பார்ப்பது) செய்யலாம். இந்த முறை எடுத்த இடங்களை வரைபடத்தில் குறித்து வையுங்கள், அடுத்த ஷட்டவுனில் அதே இடத்தில் மறுபடி எடுத்தால்தான் எவ்வளவு வேகத்தில் மாறுகிறது என்று சொல்ல முடியும்.